கூண்டும் மேடையும்: ‘பிரான்சன்’ (2008) திரைப்படம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1974ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள எல்ஸ்மியர் போர்ட் பகுதியில் ஓர் அஞ்சலகத்தைத் துப்பாக்கிமுனையில் கொள்ளையடித்த குற்றத்திற்காக மைக்கேல் கார்டன் பீட்டர்சன் என்ற இளைஞருக்கு ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கொள்ளையில் கிடைத்த தொகை 26 பவுண்டு 18 பென்ஸ். ஒழுங்காக இருந்திருந்தால் ஏழு ஆண்டுகள் முடிவதற்கு முன்பே வெளியே வந்திருக்கக்கூடியவர், சிறைக்குள் காவலர்களையும் சக கைதிகளையும் தாக்கியதற்காகவும், கூரைமேல் ஏறிக் கட்டடத்தைச் சேதப்படுத்தியதற்காகவும், ஆட்களைப் பிணையாகப் பிடித்ததற்காகவும் தண்டனைமேல் தண்டனை பெற்று, 2000இல் ஆயுள் கைதியாகவே ஆனார். இடையில் 1987இல் தொடங்கி 69 நாள்களும் 1992இல் 53 நாள்களும்தான் அவர் வெளிக்காற்றைச் சுவாசித்தார். கொலை செய்ததாக அவர்மீது எந்தத் தீர்ப்பும் இல்லை. ஆனாலும் பிரிட்டனின் மிக வன்முறையான கைதி என்று அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அவரைப் பல பத்தாண்டுகளாக அழைத்துவருகின்றன. முதல் விடுதலையின்போது வெறுங்கைக் குத்துச்சண்டையில் இறங்கியவருக்குப் போட்டி ஏற்பாட்டாளர் ஒருவர் சூட்டிய பெயர்தான் சார்ல்ஸ் பிரான்சன். அது அமெரிக்க நடிகர் ஒருவரின் பெயர்.

டென்மார்க் இயக்குநர் நிக்கோலஸ் வைண்டிங் ரெஃப்ன் இந்த வாழ்க்கையை 92 நிமிடப் படமாக்கினார். பிராக் நார்மன் பிராக்குடன் சேர்ந்து திரைக்கதையை எழுதியவரும் அவரே. டாம் ஹார்டி நடித்த இப்படம் 2008 அக்டோபரில் லண்டன் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2009 மார்ச்சில் பிரிட்டன் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு சிட்னி திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் முதற்பரிசும், பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் ஹார்டிக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. குழப்பம் தவிர்க்க, இனி உண்மை மனிதரைப் பீட்டர்சன் என்றும் திரையில் வருபவனைப் பிரான்சன் என்றும் குறிப்பிடுகிறேன். இந்த இருவருக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்த ஆய்வின் பொருள். சிறை என்ற நிறுவனத்தை ஒரு நாடக அரங்காக மாற்றிக்கொண்டதால்தான் ரெஃப்னின் படம் அழகியல் ரீதியாக வெல்கிறது. அதே காரணத்தினால், பீட்டர்சன் விவகாரத்தின் மிக முக்கியமான கேள்வி அப்படத்தில் எழவே முடியாமல் போகிறது என்பது என் கருத்து.

காரணம் சொல்ல மறுக்கும் படம்

குற்றவாளியின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் படங்களில் பெரும்பாலும் ஒரு குழந்தைப் பருவக் காயம் இருக்கும். குடிகாரத் தந்தையோ வறுமையோ ஏதோவோர் அநீதியோ முதல் இருபது நிமிடத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகு நடக்கும் எல்லாவற்றையும் பார்வையாளர் அந்தக் காயத்தை வைத்துப் புரிந்துகொள்வார். ‘பிரான்சன்’ அந்த வசதியைத் தருவதில்லை. பீட்டர்சன் 1952இல் லூட்டன் நகரில் பிறந்தவர். படத்திலும் பெற்றோர் மரியாதையான, சாதாரண மனிதர்களாகவே வருகிறார்கள். பள்ளியில் ஆசிரியரைத் தாக்கும் சிறுவனுக்குப் பின்னால் எந்தக் கொடுமையும் காட்டப்படுவதில்லை. தன் வாழ்நாள் முழுவதும் புகழ்பெற வேண்டும் என்றே விரும்பியதாகப் படத்தின் முதல் வசனத்திலேயே அவன் அறிவித்துவிடுகிறான். பாடவும் வராது, நடிக்கவும் வராது, பிறகு என்னதான் செய்வது என்று தோள்களைக் குலுக்குகிறான். தன் வன்முறைக்கு அவன் தரும் விளக்கம் இவ்வளவுதான்.

இந்த வசனத்தை அவன் பேசும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கறுப்புப் பின்னணி, மேலிருந்து விழும் ஒற்றை ஒளி, கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த மொட்டைத் தலையன், சர்க்கஸ் கோமாளியைப் போலப் பூசிய முகம். எதிரே இருட்டுக்குள் விருந்துக்கு வந்ததுபோல உடுத்திய ஒரு கூட்டம் உட்கார்ந்து கைதட்டுகிறது. இந்த அரங்கு பீட்டர்சனின் வாழ்க்கையில் எங்கும் இல்லை. பிரான்சனின் தலைக்குள் இருக்கிறது. படம் மீண்டும் மீண்டும் இங்கே திரும்புகிறது. ஒரு காட்சியில் அவன் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் பெண் ஒப்பனை போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் திரும்பினால் செவிலியாகவும் மறுபக்கம் திரும்பினால் தானாகவும் மாறி மாறிப் பேசி, மருத்துவமனையில் தனக்கு நேர்ந்ததை நடித்துக் காட்டுகிறான். ஒரே உடலில் இரண்டு குரல்களை ஏற்றி இறக்கும் ஹார்டியின் கட்டுப்பாடு அபாரமானது. அதே வேளையில் அந்தச் செவிலியும் அவன் வாய் வழியாகத்தான் பேசுகிறாள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்தப் படத்தில் வேறு எவருக்கும் சொந்தமாக ஒரு சாட்சியம் கிடையாது.

உருவாக்கம்

2003இல் வெளியான ஒரு படத்தின் தோல்வியால் கடனில் மூழ்கியிருந்த ரெஃப்ன், தம் முதல் படத்தின் தொடர்ச்சிகளை எடுத்துத்தான் அதிலிருந்து மீண்டார். அதன்பிறகு வந்த ‘பிரான்சன்’ மிகக் குறைந்த செலவில், நாட்டிங்ஹாம்ஷயர் வட்டாரத்திலேயே பெரும்பாலும் படமாக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் லாரி ஸ்மித், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கிடம் விளக்கு ஒளியமைப்புப் பணியில் தொடங்கி அவருடைய கடைசிப் படத்தின் ஒளிப்பதிவாளராக உயர்ந்தவர். சிறை வராந்தாக்களில் படரும் சிவப்பும் நீலமும், திரைச்சட்டகத்தின் நட்டநடுவில் உருவத்தை நிறுத்தும் பிடிவாதமும் எங்கிருந்து வருகின்றன என்பதை இந்தப் பின்னணி ஓரளவு விளக்குகிறது.

ஹார்டி பல கிலோ எடை ஏற்றிக்கொண்டார்; பீட்டர்சனைச் சிறையில் நேரில் சந்தித்தார், தொலைபேசியிலும் பேசினார். ஹார்டியின் உடற்கட்டைப் பார்த்து மகிழ்ந்த பீட்டர்சன், தம் அடையாளமாகிய மீசையை மழித்து, படத்தில் பயன்படுத்திக்கொள்ளும்படி அனுப்பிவைத்தார் என்பது இப்படத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. எதிர்மாறாக, இயக்குநருக்கு நேரில் சந்திக்க அனுமதி கிடைக்கவில்லை. அவருக்கு வாய்த்தது தொலைபேசித் தொடர்பு மட்டுமே. இதை அவர் பெரிய இழப்பாகக் கருதியதாகவும் தெரியவில்லை. இந்தப் படம் ஏறக்குறைய தம்மைப் பற்றியது என்றும், கலைஞனாக உருவாகும் ஒருவனின் கதையாகவே இதை எடுத்ததாகவும் பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். நடிகரிடம் மீசை இருக்கிறது, இயக்குநரிடம் சுயசரிதை இருக்கிறது. இடையில் பீட்டர்சன் எங்கே என்று கேட்டால் பதில் சுலபமில்லை.

திரையிடலும் சர்ச்சையில்லாமல் நடக்கவில்லை. லண்டன் முதற்காட்சியில் பீட்டர்சனின் குரல் பதிவு ஒன்று ஒலிக்கவிடப்பட்டது. படத்தை எண்ணிப் பெருமைப்படுவதாகவும், தாம் இன்றிரவே இறந்தாலும் இதில் வாழ்ந்துகொண்டிருப்பதாகவும் அதில் அவர் சொன்னார். உயர்பாதுகாப்புக் கைதியின் குரல் திரையரங்குக்கு எப்படி வந்தது என்று சிறை அலுவலர் சங்கம் கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான்: அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள்தான் திரையில் அடிவாங்குபவர்கள். வேடிக்கை என்னவென்றால், படத்தைப் பார்க்கப் பீட்டர்சனுக்கு அப்போது அனுமதி இல்லை. சில ஆண்டுகள் கழித்து 2011இல்தான் அது கிடைத்தது.

காலத்தை அழிப்பது

1978இல் பீட்டர்சன் ராம்ப்டன் என்ற உயர்பாதுகாப்பு மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு அதே வகையான பிராட்மூர் மருத்துவமனைக்கும் பிறகு 1984இல் லிவர்பூல் அருகேயுள்ள மருத்துவமனைக்கும் சென்றார். படத்தின் மிகச் சிறந்த காட்சி ராம்ப்டனில் நிகழ்கிறது. ஊசி மருந்தின் பிடியில் உதடு தொங்க, எச்சில் வழிய, நாற்காலியில் சாய்ந்துகிடக்கிறான் பிரான்சன். அவனைச் சுற்றிலும் நோயாளிகள் பெட் ஷாப் பாய்ஸ் குழுவின் துள்ளலான பாட்டொன்றுக்குத் தள்ளாடி ஆடுகிறார்கள். அதுவரை எட்டுப் பத்துக் காவலர்களைத் தனியாளாய் எதிர்த்து நின்ற உடல் இங்கே தன் தலையைக்கூட நிமிர்த்த முடியாமல் கிடக்கிறது. நிறுவனம் ஒரு மனிதனின் உடலுக்குள் புகுந்து என்ன செய்யும் என்பதைப் படம் நேராகக் காட்டுவது ஏறக்குறைய இந்த ஓரிடத்தில்தான்.

அந்தப் பாட்டு 1987இல் வெளிவந்தது. காட்சி நடப்பதோ 1970களின் இறுதியில். இது கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று நான் நினைக்கவில்லை. படம் முழுவதும் ஆண்டு என்ற ஒன்றையே ரெஃப்ன் திட்டமிட்டுக் கரைக்கிறார். வாக்னர், வெர்டி ஆகியோரின் ஓபரா இசையும் மின்னணு இசையும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன; இரண்டு விடுதலைகள் ஒன்றாகச் சுருங்குகின்றன; பிரான்சனுக்கு வயது கூடுவதே இல்லை. தனிமைச் சிறையில் நாள்கள் அடையாளமிழந்து ஒன்றுபோல ஆகிவிடும் என்று வாதாடி இந்த உத்தியை நியாயப்படுத்தலாம். அது ஓரளவு சரியும்கூட. ஆனால் தனிமைச் சிறையின் அனுபவம் வேறொன்றையும் உள்ளடக்கியது. அது சலிப்பு. ஒன்றுமே நிகழாத மணிநேரங்கள். இந்தப் படத்தில் ஒன்றும் நிகழாத நிமிடமே கிடையாது. ஒரு சண்டை முடிவதற்குள் இசை அடுத்த சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. இறுதியில் 34 ஆண்டுச் சிறைவாழ்வில் 30 ஆண்டுகள் தனிமையில் கழிந்தன என்று எழுத்தில் வரும்போது, அந்த முப்பதை நாம் எங்கே பார்த்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சுவரையோ காவலரையோ வில்லனாக்காமல் இருந்ததற்காக இயக்குநரைப் பாராட்டலாம். கொடுமைக்காரச் சிறை, கொடுமைக்கு எதிராகப் பொங்கும் வீரன் என்ற எளிய கதையை அவர் எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக நிறுவனத்தை வெறும் நகைச்சுவைப் பொருளாக்கிவிட்டார். அழுத்தமான குரலும் இறுகிய முகமுமாக வரும் சிறைக் கண்காணிப்பாளர் ஒரு கேலிச்சித்திரம். பிராட்மூரின் கூரையைப் பிரான்சன் பெயர்த்தெறிந்த பிறகு, இவனை வைத்துப் பராமரிக்கும் செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிடுகிறார்கள் என்பதுபோல நக்கலாகக் கதை நகர்கிறது. ஓர் ஆளைப் பல பத்தாண்டுகள் தனியறையில் வைப்பது என்ற முடிவை யார் எடுக்கிறார்கள், எந்த விதியின்கீழ், எத்தனை மாதத்திற்கொருமுறை மறுபரிசீலனை செய்கிறார்கள் என்ற உலர்ந்த நிர்வாகக் கேள்விகளுக்கு அந்த மேடையில் இடமில்லை. இங்கிலாந்தில் 1998 முதல் இப்படிப்பட்ட கைதிகளுக்கென்றே நெருக்கமான கண்காணிப்பு மையங்கள் இயங்குகின்றன. பதினைந்து நாள்களுக்கு மேல் தொடர்ந்து தனிமையில் வைப்பதை நீடித்த தனிமைச் சிறை என்று வகைப்படுத்தி அதற்குத் தடை கோரும் மண்டேலா விதிகளை ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றது. இவை படத்துக்குப் பின்னால் வந்த விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2008இலேயே பீட்டர்சனின் கதை முதன்மையாக இதைப் பற்றியதாகத்தான் இருந்தது.

பிணைக்கைதிகள்

படத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிவது பிணைக்கைதிக் காட்சிகளில்தான். உட்ஹில் சிறையில் நூலகர் ஒருவரைப் பீட்டர்சன் பிடித்துவைத்தபோது அவரிடம் கோரிக்கைப் பட்டியல் ஒன்று இருந்தது: காற்றடைத்த பொம்மைப் பெண், ஹெலிகாப்டர், ஒரு கோப்பைத் தேநீர். பைத்தியக்காரத்தனமான பட்டியல்தான், ஆனாலும் பட்டியல். திரையில் அதே சம்பவம் வரும்போது, உனக்கு என்னதான் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்கும் அதிகாரிக்குப் பிரான்சனிடம் உடனடியான பதில் இல்லை. அவன் கேட்பது எதையும் அல்ல. காவலர்கள் கதவை உடைத்துக்கொண்டு வரப்போகும் சண்டைதான் அவனுக்கு வேண்டியது. ஆடையைக் களைந்து, நடுங்கும் நூலகரைக்கொண்டே தன் முதுகில் களிம்பைத் தேய்க்கச் சொல்லி, எங்கே தொடக்கூடாது என்று அதட்டுகிறான். அரங்கு சிரிக்கிறது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கியபின்தான் அந்த மனிதரின் கைகள் நடுங்கியதைப் பற்றிய நினைப்பு வருகிறது; காட்சி அதற்குள் முடிந்துவிடுகிறது.

1999 பிப்ரவரியில் ஹல் சிறையில் நடந்தது இதைவிடக் கடுமையானது. தம் ஓவியம் ஒன்றைக் குறைகூறியதற்காகக் கலைப்பிரிவு ஆசிரியரைப் பீட்டர்சன் 44 மணிநேரம் பிணையாக வைத்திருந்தார். ஆயுள் தண்டனை இதற்காகத்தான் விதிக்கப்பட்டது. அதில் கட்டாயமாகக் கழிக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் மூன்று நான்கு ஆண்டுகளே என்றாலும். படத்தின் உச்சக்காட்சி இந்தச் சம்பவத்திலிருந்தே பிறக்கிறது, ஆனால் தலைகீழாக. அங்கே ஆசிரியர் பிரான்சனின் திறமையைக் கண்டெடுத்து ஊக்குவிப்பவர். பிரான்சன் அவரைக் கட்டிப்போட்டு, முகத்தில் வண்ணம் பூசி, தொப்பி வைத்து, பெல்ஜிய ஓவியர் மாக்ரிட்டின் ஓவியமொன்றை நினைவூட்டும் உயிருள்ள சிற்பமாக்குகிறான். தன் உடலையும் கறுப்பாக்கிக்கொள்கிறான். வேலை முடிந்ததும் காவலர்களை உள்ளே வரச்சொல்கிறான். படத்தின் கருத்துப்படி அவன் கலைஞனாகப் பிறக்கும் தருணம் இது.

காட்சியமைப்பின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே நிகழ்ந்திருக்கும் மாற்றத்தின் விலை என்ன? உண்மையில் ஒரு மனிதர் கருத்துச் சொன்னார், அதற்காகச் சிறைபிடிக்கப்பட்டார். விமர்சனத்தைத் தாங்க முடியாத ஓர் ஓவியர் என்ற சித்திரம் அற்பமானது, சங்கடமானது. ரெஃப்ன் தேடும் கலைஞனின் பிறப்புக்கு அது உதவாது. ஆகவே விமர்சகர் ரசிகராக மாறினார், கைதியின் சிறுமை கலைஞனின் ஆவேசமாக உயர்ந்தது, பிணையாக இருந்தவர் ஓவியத் துணியாக ஆனார். படத்தின் அழகு அதிகரிக்க அதிகரிக்க அடிபட்டவர் காணாமல் போகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இது தவிர்க்கவே முடியாத விளைவு அல்ல என்பதற்கு 2000இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படமான ‘சாப்பர்’ உதாரணம். மெல்போர்ன் பென்ட்ரிட்ஜ் சிறையில் பெயர்பெற்ற ‘சாப்பர்’ என்ற பட்டப்பெயர் கொண்ட மார்க் ரீட் என்ற குற்றவாளியைப் பற்றி ஆண்ட்ரூ டொமினிக் இயக்கி எரிக் பானா நடித்த அப்படமும் இயல்புவாதப் படமல்ல. நிறமும் நகைச்சுவையும் அதிலும் தூக்கலாக உண்டு. ஆனால் தான் கத்தியால் குத்திய சக கைதி இரத்தம் வடிந்து தரையில் சரிவதைச் சாப்பர் பார்த்துக்கொண்டே நிற்கும் காட்சியை டொமினிக் அவசரமின்றி, இசையின் உதவியின்றி நீட்டுகிறார். குத்தியவன் சிகரெட் நீட்டுகிறான், வருத்தம்கூடத் தெரிவிக்கிறான். ஒரே துப்பாக்கிச்சூட்டை ஒன்றுக்கொன்று முரணான விதங்களில் காட்டி, இந்த ஆள் சொல்வதை நம்பாதீர்கள் என்றும் அப்படம் நமக்கு எச்சரிக்கிறது. பிரான்சனும் நம்பத்தகாத கதைசொல்லிதான். அவனை மறுத்துப்பேச ஒரு காட்சியையாவது ரெஃப்ன் தந்திருக்கலாம்.

2023இன் விசாரணை

பீட்டர்சன் 2014இல் ஓவியர் சால்வடோர் டாலியின் நினைவாகத் தம் பெயரைச் சார்ல்ஸ் சால்வடோர் என்று மாற்றிக்கொண்டார். பிரான்சன் என்ற பெயர் வன்முறையோடு ஒட்டிக்கொண்டது, தாம் இப்போது அமைதியான கலைஞர் என்றார். கைதியை நிபந்தனையோடு விடுவிக்கலாமா என்று முடிவுசெய்யும் பரோல் விசாரணைகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்க விதி மாறியதும், அப்படிப்பட்ட விசாரணை கோரிய முதற்சிலரில் அவரும் ஒருவர். 2023 மார்ச்சில் உட்ஹில் சிறைக்குள் நடந்த விசாரணையைப் பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் லண்டன் நீதிமன்றக் கட்டடத்தில் திரையில் பார்த்தார்கள். பார்வையாளர் முன்னிலையில் பேசும் வாய்ப்பு அவருக்கு மெய்யாகவே கிடைத்தது. காவலர்களோடு மோதுவது தமக்கு ஒரு காலத்தில் பிடித்திருந்தது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். உடம்பில் வெண்ணெய் பூசிக்கொண்டு நிர்வாணமாய்ச் சண்டையிட்ட நாளை ரசித்து விவரித்தார். சிறைவாழ்க்கை போதும், வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஹார்டியின் வசனங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு எது முதலில் வந்தது என்ற சந்தேகம் எழுந்திருக்கும். அவர் படத்தை முன்வைத்துத் தம்மை வடிவமைத்துக்கொண்டாரா, படம் அவரைச் சரியாகவே பிடித்திருந்ததா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

பரோல் வாரியத்தின் முடிவு அம்மாத இறுதியில் வந்தது: விடுதலை இல்லை, திறந்தவெளிச் சிறைக்கு மாற்றமும் இல்லை. ஆனால் கூறப்பட்ட காரணங்களைப் படிக்கும்போது, படம் தொடாத இடத்தை அந்தக் குழு நேராகத் தொட்டிருப்பது புலப்படுகிறது. அவருடைய தன்கட்டுப்பாடு மேம்பட்டிருப்பதற்குச் சான்று உண்டு என்று குழு ஏற்றது. வாழ்நாளின் பெரும்பகுதி சிறையிலும் அதில் நிறையக் காலம் தனிமைப்படுத்தலிலும் கழிந்ததையும் பதிவுசெய்தது. விதிகளை மீறுவதில் அவர் பெரிதாகத் தவறு காண்பதில்லை என்றும் குறிப்பிட்டது. அவர் வன்முறையில் இறங்காமல் தடுத்து நிறுத்துவது எது, உண்மையிலேயே மனம் மாறியிருக்கிறதா அல்லது சிறையின் இறுக்கமான கட்டுப்பாடுகளா என்பது தெளிவாகவில்லை என்றது. கட்டுப்பாடு தளர்ந்த சூழலில் விரிவாகச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிச் சோதிக்கப்படும்வரை விடுவிக்க முடியாது.

கூண்டு இல்லாத பிரான்சனை ரெஃப்னால் கற்பனை செய்ய முடியவில்லை. லூட்டனுக்குத் திரும்பும் 69 நாள்கள் அவர் படத்திலேயே மிகப் பலவீனமான பகுதி. அங்கே பிரான்சன் கையில் பெட்டியோடு மூலையில் நிற்கும் பழங்காலப் பொம்மையைப் போல இருக்கிறான், திரும்பவும் சிறைக்குள் சென்றதும்தான் காட்சிகளுக்கு உயிர் வருகிறது. கூண்டும் மனிதனும் ஒன்றே என்று முடிவுசெய்துவிட்ட ஒரு படம், இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் பரோல் குழுவின் கேள்வியைக் கேட்க இயலாது. பீட்டர்சனுக்கோ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையான தளர்ந்த சூழலுக்கு மாறும் அனுமதியே அன்று மறுக்கப்பட்டது.